பவானி டீச்சர் டூர் போட்டா மழை

சாப்பாட்டு மணி அடிச்ச நேரம். கோம்பையில இருந்து சுருளியாண்டின்னு ஒருத்தர் எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்தாக. கையில தாம்பாளம். அதுல வெத்தலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம். பத்திரிகை வைக்க வந்திருக்காகன்னு நினைச்சு, "வாங்க, யாருக்குக் கல்யாணம்?"னு கேட்டேன்.

"கல்யாணமெல்லாம் இல்ல டீச்சர். பவானியப் பாக்கணும். மொச்சை வெதச்சுப்புட்டு வானத்தப் பாத்துக்கிட்டிருக்கோம். அது ஒரு டூர் போட்டுச்சுன்னா நல்லா இருக்கும்னு ஊர்ல சொல்லி அனுப்பினாக."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. பவானிக்கு மூஞ்சி செவந்துருச்சு. "சித்தப்பா, தட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க. நான் அறிவியல் டீச்சர், மாரியாத்தா இல்ல"ன்னா. அவுக அசரணுமே! "கோவிச்சுக்காத ஆத்தா. நீ போகக்கூட வேண்டாம். போறோம்னு சொன்னாப் போதும்"னு சொல்லிப்புட்டு, தாம்பாளத்த என் மேசையில வச்சுட்டுப் போயிட்டாக. பழத்த நாங்கெல்லாம் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். பவானி தொடல.

இந்தக் கூத்து எங்கன ஆரம்பிச்சதுன்னு சொல்றேன். என் பேரு லத்திபா, ஊரு உத்தமபாளையம். ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில கணக்கு டீச்சர். எனக்குக் காடும் ஆகாது, மலையும் ஆகாது. அட்டைன்னு பேரச் சொன்னாலே கால்ல ஏதோ ஊருற மாதிரி இருக்கும். ஆனா பொம்பளப் பிள்ளைக டூருக்கு வந்தா ரெண்டு டீச்சருகளாவது கூடப் போகணும்ல. மத்தவுக ஆளுக்கொரு சாக்கு வச்சிருப்பாக. ஒருத்திக்கு மாமியாருக்கு மூட்டுவலி, ஒருத்திக்கு பஸ்ல ஏறுனா வாந்தி. எனக்குச் சட்டுன்னு பொய் வராது, மாட்டிக்கிட்டேன். அதனால பவானி கெளப்புன அத்தனை டூருக்கும், போய்ச் சேராத அத்தனை டூருக்கும், நானும் கூடப் போயிருக்கேன்.

பவானி பொறந்தது கோம்பை. கோம்பை நாய் கவ்வுனா விடாதும்பாக. அத நான் அவ மூஞ்சிக்கு நேராவே சொல்லிருக்கேன். "நாய்னு சொன்னதுக்குக் கோவம் இல்ல லத்திபாக்கா. விடமாட்டேன்னு தெரிஞ்சு வச்சிருக்கீகல்ல, அது போதும்"பா. எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்து சேந்த புதுசுல, ஆறாப்புப் பிள்ளைககிட்டப் போய், "மேல தெரியுதே மலை, அங்கன யாரெல்லாம் போயிருக்கீங்க?"ன்னு கேட்டிருக்கா. எங்க ஊர்ல ஜன்னலத் தொறந்தா மேக்க ஒரு மலை, கெழக்க ஒரு மலை. பல்லு வெளக்கும்போதும் மலை, படுக்கும்போதும் மலை. ஆனா கை தூக்குனது ஒரே ஒரு பிள்ளை. "எங்கம்மா ஏலக்காத் தோட்டத்துக்கு வேலைக்கு ஜீப்புல போகும் டீச்சர். லீவுல ஒருக்க என்னையும் கூட்டிட்டுப் போச்சு. ஜீப்புல நடுவுல அமுக்கி உக்கார வச்சுட்டாக. ஒண்ணுமே தெரியல"ன்னுச்சாம்.

அந்தப் பிள்ளை பேரு முனீஸ்வரி. அன்னைக்கு டீச்சர்ஸ் ரூமுக்கு வந்த பவானி டிபன் பாக்ஸத் தொறக்கவே இல்ல. "மலைக்குப் போயிட்டு மலையப் பாக்காம வந்திருக்கு அக்கா. இந்தப் பிள்ளைகள பத்தாப்பு முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது மேல கூட்டிட்டுப் போய்க் காட்டுறேனா இல்லையான்னு பாருங்க"ன்னா. பாத்தேன். என்னத்தச் சொல்ல!

மேல போறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளோட்டம் போவோம்னு ஆறாப்புலயே சுருளி அருவிக்குக் கெளம்பினோம். பக்கத்துல இருக்கறது, என்ன ஆகப் போகுது? மொதநாளு மலையில மழை கொட்டித் தீத்து, அருவியில வெள்ளம். யாரும் உள்ள போகக் கூடாதுன்னு கேட்டப் பூட்டிட்டாக. வண்டி நிறுத்துற எடத்துலயே புளியோதரையத் தின்னோம். பாதிய கொரங்கு தின்னுச்சு. வீடு வந்து சேந்தோம்.

மறுவருசம் வைகை அணை. தேனி தாண்டுனதும் டயர் பஞ்சர். மாட்டலாம்னு ஸ்டெப்னிய எடுத்தா அதுவும் பஞ்சர். எங்க டூருக்கெல்லாம் ராயப்பன்பட்டி ஸ்டீவனோட மினி பஸ்தான். சாவியத் திருகுறதுக்கு முன்னாடி மாதா படத்தப் பாத்து ஒரு சிலுவை போடுவான். அந்த டூருக்குப் பெறகு, பவானி ஏறுனா மட்டும் ரெண்டு சிலுவை போட ஆரம்பிச்சான். அணைக்குப் போய்ச் சேந்தா, நெறஞ்சுருச்சு, தண்ணி தொறக்கப் போறோம், கரைப்பக்கம் யாரும் நிக்காதீங்கன்னு மைக்குல சொல்லிக்கிட்டிருக்காக. அந்தக் கோடை லீவுல, வண்டியும் வேணாம் ஒண்ணும் வேணாம், பக்கத்துக் கம்மாயில பறவை பாப்போம்னா. பக்கத்துல கம்பத்துக்குள்ள காட்டு யானை புகுந்து ஊரடங்கே போட்டாக, அதுவும் நின்னுபோச்சு. சரி, யானைக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்? அன்னைக்குச் சாயங்காலமும் இடி இடிச்சுப் பெஞ்சுச்சு.

எட்டாப்பு வந்தப்ப, மழையே வேண்டாம்னு மாசி மாசமாப் பாத்து மேகமலைக்குத் தேதி வச்சா. காட்டுத்தீ பிடிக்கிற காலம், மேல விடமாட்டோம்னு மலையடிவாரத்துல தென்பழனி செக்போஸ்ட்லயே திருப்பி அனுப்பிட்டாக. திரும்பி வாற வழியில, அந்த மாசி வெயில்ல, ஆலங்கட்டி மழை! பஸ்சுக் கூரையில கல்லள்ளிப் போட்ட மாதிரி ஒரு சத்தம். அப்பத்தான் பஸ்ல இருந்த அத்தனை பிள்ளைகளும் ஒண்ணாத் திரும்பி பவானியப் பாத்துச்சுக. சும்மா பாத்துச்சுக. அவ ஜன்னல் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. அதுக்கப்பறம் ஒரு தூறல் விழுந்தாப் போதும், வகுப்புல இருந்தாலும் சரி, பிரேயர்ல நின்னாலும் சரி, பிள்ளைக தலையெல்லாம் அவ பக்கந்தான் திரும்பும்.

ஒம்பதாப்புல நடந்தது தனிக் கதை. ஒரு ராத்திரி மேல தங்குற மாதிரி ஏற்பாடு பண்ணி, எல்லாம் கூடி வந்துச்சு. அந்த வாரம் பாத்து பள்ளிக்கூடம் இருக்கற ஊர்ல திருவிழாவுக்குச் சாட்டிட்டாக. காப்புக் கட்டியாச்சு, திருவிழா முடியற வரைக்கும் ஊரெல்லையத் தாண்டி யாரும் ராத்தங்கக் கூடாது. முக்காவாசிப் பிள்ளைக அந்த ஊருதான். டூர் படுத்துருச்சு. அந்தத் திருவிழாவுல, முளைப்பாரி எடுக்கறப்ப, நல்ல மழை. ஊரே நனைஞ்சுக்கிட்டு குலவை போட்டுச்சு. "சாமி பாதி, டீச்சர் பாதி"ன்னு டீக்கடையில பேசிக்கிட்டாகளாம். அன்னையில இருந்துதான் பவானி பேரு கோம்பை வரைக்கும் பரவுச்சு. மழையத் தவிர வேற தண்ணி இல்லாத மானாவாரிக்காரக, டூர் போடச் சொல்லி ஆள் அனுப்புறது. பழம் வெட்டப்போற திராட்சைக்காரக, போடாதேன்னு ஆள் அனுப்புறது. மார்க்கெட்டுக்குப் போனாக் கூட, "டூரு எதுவும் இருக்கா டீச்சர்?"னு கேட்டுட்டுத்தான் காய நிறுப்பாக.

எனக்கு இதெல்லாம் வேடிக்கை. அவளுக்கு அப்படி இல்ல. ஒருநாள் பரிட்சைத் தாளத் திருத்திக்கிட்டிருந்தவ, பேனாவ மூடி வச்சுட்டு, "நான் பாடம் நடத்தி என்னக்கா பிரயோசனம்?"னா. பருவக்காத்தப் பத்தி ரெண்டு வாரம் நடத்திருக்கா. மழை எதனால பெய்யுதுன்னு கேட்டதுக்கு, ஒருத்தன் "எங்கள் டீச்சர் டூர் போடுவதனால்"னு எழுதி வச்சிருக்கான். "மார்க்கு போட்டியா?"ன்னேன். "போடல." "நானா இருந்தா அரை மார்க்கு போட்டிருப்பேன்"னேன். சிரிப்பான்னு பாத்தா, கண்ணு கலங்கிருச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு. எழுந்திரிச்சுப் போய் டீ வாங்கிட்டு வந்து அவ முன்னாடி வச்சேன்.

அந்தப் பிள்ளைக இப்பப் பத்தாப்பு. சுருளியாண்டி தாம்பாளத்தோட வந்துட்டுப் போன கொஞ்ச நாள்ல, பவானி போய் ஹெச்.எம். வேலுச்சாமி சார்கிட்ட மேகமலைக்குக் கேட்டா. சார் நல்ல மனுசன், ஆனா ஒரு தாளு காத்துல பறந்தாலும் பதறுவாக. "பப்ளிக் எக்ஸாம் வருசத்துல டூரா?"ன்னு ஆரம்பிச்சாக. பவானி விடல. ஆறாப்புல இருந்து காத்துக்கிட்டிருக்குதுக சார், ஒரே ஒரு பகல், காலையில போய் சாயங்காலம் வந்துருவோம்னு நின்ன எடத்துலயே நின்னா. கடைசியில சார் சொன்னாக: "சரிம்மா. ஆனா இந்தத் தடவையும் பாதி வழியில திரும்பி வந்தீகன்னா, நான் இங்கன இருக்கற வரைக்கும் டூருங்கற பேச்சே எடுக்கக் கூடாது." கார்த்திகை மாசம் ஒரு சனிக்கிழமைக்குத் தேதி வச்சா. பிள்ளைக ஹோன்னு கத்துச்சுக. முனீஸ்வரி அன்னைக்கே பஸ்ல ஜன்னலோரம் எடம் சொல்லி வச்சுருச்சு.

சேதி எப்படித்தான் பரவுமோ! மறுநாளே திராட்சைக்காரக மூணு நாலு பேரு ஹெச்.எம். ரூம்ல நின்னாக. முன்னால நின்னது முனீஸ்வரியோட அப்பா கர்ணன். குத்தகைக்கு எடுத்த பந்தல்ல பன்னீர்த் திராட்சை போட்டிருக்காக. அதுல வாறது பத்தாமத்தான் முனீஸ்வரியோட அம்மா ஏலத்தோட்டத்துக்குப் போறது. "சார், அந்த வாரந்தான் எங்களுக்கு வெட்டு. கேரளா வியாபாரி வாறேன்னுட்டான். பழம் கனிஞ்சு நிக்கிறப்ப மழை விழுந்தா தோலு வெடிச்சுப் போகும். டீச்சரக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்க"ன்னாக.

எனக்கு வந்துச்சே கோவம்! "ஏங்க கர்ணன், வங்கக் கடல்ல காத்தழுத்தம்னு டிவியில படம் போட்டுக் காட்டுறான். நீங்க எங்க பவானியக் காட்டுறீகளே, நல்லா இருக்கா? மழைய அவ என்ன ஹேண்ட்பேக்குலயா வச்சிருக்கா?"ன்னு கேட்டுட்டேன். ஹெச்.எம். சார் "டீச்சர், டீச்சர்"னு என் கையப் பிடிக்காத குறை. கர்ணன் கோவிச்சுக்கல. துண்ட எடுத்து மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு, "நம்புறேன்னு சொல்லல டீச்சர். பயமா இருக்கு"ன்னாக. பவானி மட்டும், "தேதி தேதிதான் சார்"னு சொல்லிட்டு வகுப்புக்குப் போயிட்டா.

மறுநாள் காலையில லேப் வாசல்ல முனீஸ்வரி நின்னுச்சு. நானும் பவானியும் உள்ள இருந்தோம்.

"டீச்சர், நான் டூருக்கு வரல."

"அப்பா வேண்டாம்னாரா?"

"இல்ல டீச்சர். நானாத்தான். நீங்களும் போகாதீக டீச்சர்."

பவானி சோதனைக்குழாய கழுவிக்கிட்டிருந்தா. அதக் கீழ வச்சுட்டு, "ஏன்டா, நீயும் நான் போனா மழை வரும்னு நம்புறியா?"ன்னு கேட்டா.

"இல்ல டீச்சர். காத்தழுத்தத் தாழ்வுன்னு பரிட்சையில கரெக்டா எழுதிருவேன். ஆனா நீங்க போய், அன்னைக்குன்னு மழை வந்துருச்சுன்னா எங்கப்பா உங்களத் திட்டும். வீட்டுல உக்காந்து திட்டும். என்னால அதக் கேட்டுக்கிட்டு இருக்க முடியாது டீச்சர்."

சொல்லிட்டு ஓடிப்போச்சு. பவானி பைப்ப மூடவே இல்ல. தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு, நான்தான் போய் மூடினேன். அன்னைக்கு மத்தியானமே ஹெச்.எம்.கிட்டப் போய், டூர் வேண்டாம் சார்னு சொல்லிட்டா. நான் அவளப் பிடிச்சு வஞ்சேன். கோம்பை நாய்னு சொன்னேனே, என் வாயக் கழுவணும், இப்படி ஒரு மழைக்குப் பயந்து விட்டுட்டியேன்னு கத்தினேன். "மழைக்குப் பயப்படல அக்கா. அந்தப் பிள்ளைதான அந்த வீட்டுல இருந்து கேக்கணும்"னா.

டூர் இல்லன்னதும் திராட்சைக்காரகளுக்கு நிம்மதி. கோம்பையில சுருளியாண்டிக்கு வருத்தம். பந்தல்ல எல்லாம் கத்தரிக்கோலு, பெட்டி, காகிதம்னு வெட்டுக்கு ஏற்பாடு நடக்குது. வானம் பளிச்சுன்னு இருந்துச்சு.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் பிடிச்சுச்சு பாருங்க மழை! ராவெல்லாம் நிக்கல, மறுநாளும் நிக்கல. பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டாக. முல்லைப் பெரியாறு செக்கச் செவேல்னு ஓடுது. சனிக்கிழமை காலையில மழை வெறிச்சுருச்சு. பத்தாப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருந்ததால நாங்க போயிட்டோம். எந்தச் சனிக்கிழமைன்னு நினைக்கிறீக? டூர் போறதா இருந்த அதே சனிக்கிழமை. வகுப்புல முனீஸ்வரி இல்ல. பக்கத்து வீட்டுப் பையன் மதன்குமார்கிட்டக் கேட்டா, "பழமெல்லாம் வெடிச்சுருச்சு டீச்சர். வெட்டுறதுக்கு ஆள் கிடைக்கல. எல்லாப் பந்தல்லயும் ஒரே நேரத்துல ஆள் தேடுறாக. அவுக மூணு பேருந்தான் நின்னு வெட்டிக்கிட்டிருக்காக"ன்னான்.

வெடிச்ச பழத்த அப்படியே விட்டா ஒரு வெயிலுக்குப் புளிச்சு, ஈ மொய்ச்சு, பக்கத்துல நல்லாருக்கற பழத்தையும் கெடுத்துரும். கொத்த வெட்டி, வெடிச்சத மட்டும் ஒண்ணொண்ணாக் கிள்ளி எடுத்துட்டா மிச்சத்த விக்கலாம். அதுக்கு நெறையக் கை வேணும், அவ்வளவுதான். பவானி என்னயப் பாத்தா. நான் பவானியப் பாத்தேன். "அக்கா, இன்னைக்குக் கணக்கு எத்தன பீரியடு?"ன்னா. "இன்னைக்குப் பூராவும் கணக்குத்தான். யாருக்குப் பிடிக்கப் போகுது? வா"ன்னேன்.

ஹெச்.எம். சார் வாசல்ல மறிச்சாக. "பிள்ளைகள வேலைக்குக் கூட்டிட்டுப் போனீகன்னு எவனாவது போட்டோ பிடிச்சுப் போட்டுட்டா?"

"களப்பயணம் சார். தாவரவியல். இஷ்டப்பட்ட பிள்ளைக மட்டும், வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டு. சந்தேகமா இருந்தா நீங்களும் வாங்க"ன்னா பவானி.

சார் செருப்ப மாட்டிக்கிட்டு கூடவே வந்துட்டாக. பயந்த மனுசன்தான், ஆனா அன்னைக்கு வந்தாக. வாய்க்கா வரப்பு வழியா நடந்தோம். எனக்கு ஒரு செருப்பு சேத்துல போச்சு, தேடி எடுக்க நேரம் இல்ல. பிள்ளைக என் முன்னாடி சிரிக்கப் பயந்துக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டு வருதுக. "சிரிங்க, சிரிங்க, மாடல் எக்ஸாம்ல பாத்துக்கறேன்"னேன்.

பந்தலுக்குள்ள குனிஞ்சு நுழைஞ்சோம். தலைக்கு மேல கொத்துக் கொத்தாப் பழம். பாதி நல்லாருக்கு, பாதி வாயப் பொளந்துக்கிட்டு சாறு சொட்டுது. கர்ணன் கையில கத்தரியோட நின்னாக. எங்களப் பாத்ததும் கத்தரி அப்படியே தொங்கிருச்சு. முனீஸ்வரி அவுகம்மா பின்னால ஒளிஞ்சுக்கிச்சு. கர்ணன் பவானியப் பாத்தாக, பந்தலப் பாத்தாக, மறுபடி பவானியப் பாத்தாக.

"நீங்க டூரு போடலயே டீச்சர்."

கத்தரியால பந்தலக் காட்டினாக. "போடாமலே வந்துருச்சே."

என் நாக்கு நுனியில இருந்துச்சு. நல்லாக் கேக்கணும்னு வாயத் தொறந்தேன். பவானி என் கையில நறுக்குன்னு கிள்ளினா. அவ எம்புட்டுப் பேசிருக்கலாம்? எத்தன வருசத்துப் பேச்சு அது? சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு, "கத்தரி எத்தன இருக்குண்ணே?"ன்னு மட்டும் கேட்டா.

அதுக்கப்பறம் அங்கன நடந்தத நான் என்னன்னு சொல்ல! பெரிய பையங்க கொத்த வெட்டிக் குடுக்க, மத்ததெல்லாம் சாக்க விரிச்சு வட்டம் வட்டமா உக்காந்து வெடிச்சதக் கிள்ளுதுக. ஹெச்.எம். சார் பெட்டிக்குக் காகிதம் விரிச்சாக. நான் பெட்டி எண்ணுறேன்னு ஆரம்பிச்சு ரெண்டு தடவ தப்பு விட்டேன், கணக்கு டீச்சரு! நடுவுல பவானி ஒரு கொத்தத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, வேர் எப்படித் தண்ணிய உறிஞ்சுது, பழம் எப்படி உப்புது, தோலு ஏன் தாங்கலன்னு பாடம் எடுக்குறா. கர்ணனும் கத்தரிய நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டிருந்தாக. "அப்ப மேல நனைஞ்சதுல மட்டும் இல்ல, கீழ வேர் குடிச்சதுலயுந்தான் வெடிக்குதாக்கும்?"னு ஒரு கேள்வி கேட்டாக. பாத்தேன், பவானி மூஞ்சி அப்படி மலர்ந்துருச்சு. பிள்ளைக கிள்ளுனதுல பாதிய வாயில போட்டு, நாக்கு, சட்டை, புத்தகப் பை எல்லாம் ஊதா. திங்கக்கிழமை வகுப்புல முக்காவாசிப் பேருக்கு வயித்தால போயிருச்சு. அதுக்கும் என்னயத்தான் ஹெச்.எம். கேட்டாக.

முழுசும் தப்பல. வியாபாரி வெலையக் கொறச்சுத்தான் எடுத்தான். ஆனாலும் பாதிக்கு மேல பழம் பெட்டியில ஏறிருச்சு. அன்னைக்கு ராத்திரி கர்ணன் வீட்டுல சோறு பொங்கிச் சாப்பிட்டாகன்னு முனீஸ்வரி சொல்லுச்சு. சுருளியாண்டிக்கு மொச்சை நல்லா வந்திருக்கு. ஆனா மனுசனுக்குக் கொறை. "ஆத்தா, ஒரு தாம்பாளம் வீணாப்போச்சே"ன்னு பவானிகிட்டயே சொன்னாகளாம்.

தை பொறந்துச்சு. டூரப் பத்தி யாரும் பேசல. பவானியும் பேசல, அதான் எனக்குத் தாங்கல. ஒருநாள் கர்ணன் ஹெச்.எம். ரூமுக்கு வந்தாக. நாங்க ரெண்டு பேரும் அங்கன இருந்தோம்.

"சார், மேலப் பந்தல்ல பிந்தித்தான் கொடியக் கவாத்து வெட்டுனோம். இப்பப் பழம் கனிஞ்சு நிக்குது."

எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. மறுபடியும் ஆரம்பிச்சுட்டாகளான்னு நினைச்சேன். "நிக்கட்டும்"னாக கர்ணன். பவானி பக்கம் திரும்பி, "நீங்க தேதி வைங்க டீச்சர். பிள்ளைய மலைக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னாக.

ஹெச்.எம். சார், "மழை வந்துருச்சுன்னா?"ன்னு கேட்டாக.

"வந்தா வரும் சார். வெட்டுறதுக்குத்தான் இத்தனை பிள்ளைக இருக்குதுகளே."

பவானி "ஒரு நிமிசம்"னு சொல்லிட்டு வெளிய போனா. பின்னாடியே போய்ப் பாத்தா, லேப்புக்குப் பின்னால செவத்துல சாஞ்சு நின்னு அழுகுறா. அருவிக் கேட்டுல அழுகல, அணையில அழுகல, செக்போஸ்ட்ல அழுகல. இப்ப அழுகுறா. எனக்கும் வந்துருச்சு. ரெண்டு பேரும் அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிட்டு உள்ள போய்த் தேதி வச்சோம்.

அந்தச் சனிக்கிழமை வெள்ளெனக் கெளம்பினோம். ஸ்டீவன் மாதா படத்தப் பாத்து ஒரே ஒரு சிலுவைதான் போட்டான், நான் கவனிச்சேன். முனீஸ்வரி ஜன்னலோரம். சின்னமனூர் தாண்டி மலையடிவாரத்துக்குப் போறப்ப மலை மேல கருப்புக் கட்டிக்கிட்டு வருது. செக்போஸ்ட்ல வண்டி நின்னதும், கண்ணாடியில டப்புன்னு ஒரு துளி. அப்பறம் படபடன்னு பிடிச்சுக்கிச்சு. காவலர் குடையப் பிடிச்சுக்கிட்டு வந்து எல்லாரையும் எட்டிப் பாத்தாரு. போச்சுடா, திரும்பச் சொல்லப் போறாருன்னு நான் பையத் தூக்கி மடியில வச்சுட்டேன். "தை மாசத் தூறல்தான், பாதை நல்லாருக்கு. பாத்து ஓட்டுப்பா"ன்னு சொல்லிட்டு தடுப்புக் கம்பத் தூக்கிவிட்டாரு.

பஸ் மலையில ஏறுச்சு. மழை நிக்கல. ஒரு வளைவுல திரும்புறப்ப கீழ பள்ளத்தாக்கு மொத்தமும் தெரிஞ்சுச்சு. அங்கன வெயிலு. "எங்க பந்தல்ல மழை இல்ல"ன்னு முனீஸ்வரி கத்துச்சு. அம்புட்டு தூரத்துல இருந்து அவுக பந்தல எப்படிக் கண்டுபிடிச்சுச்சோ, தெரியல. அப்பறம் ஜன்னல் வழியாக் கைய வெளிய நீட்டி நனைச்சுக்கிட்டே வந்துச்சு. "கைய உள்ள வை"ன்னு சத்தம் போட வாயெடுத்தேன், போட மனசு வரல.

பவானி முன் சீட்டுல விறைச்சுப்போய் உக்காந்திருந்தா. மழை விழுந்தா பிள்ளைக திரும்பிப் பாக்கும்ல, அதுக்கு மூஞ்சியத் தயாரா ஜன்னல் பக்கம் திருப்பி வச்சிருந்தா. நான் பின்னால திரும்பிப் பாத்தேன். பஸ்ல ஒரு பிள்ளைகூட அவளப் பாக்கல. எல்லாம் மலையப் பாத்துக்கிட்டிருந்துச்சுக.